ரோஸ் நிற மருந்து

நான் சாந்தமானவள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் யாராவது ரோஸ் நிறத்தில் சர்பத் ஊற்றி நீட்டினால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்தவர்கள், பாவம், என்ன தப்புச் செய்தோம் என்று முழிக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்கிற தோரணையில் அவர்களுக்கு அடுத்த ஆளிடம் போகவே பயமாகிவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம் அது. தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டி, சங்குக் கிட்டங்கிகளின் நாற்றம் நேராக வந்து மூக்கில் அடிக்கிற ஓர் ஓட்டுக் கட்டிடத்தில் சின்னப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருந்தது. இருந்த ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், எங்கள் பக்கத்து நாசரேத்தில் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. மேலே பெரிய டாக்டர், கீழே நான். மெட்ராஸ்காரர் அவர். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்நேரமும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் அலமாரியில் பேஜ் என்று ஒரு மருந்து இருந்தது. காலராக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கிருமிக்குள்ளேயே புகுந்து அதை உடைத்துக் கொல்கிற வைரஸ் ஒன்று உண்டு. அது எங்கள் மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. அதை வளர்த்து, வடிகட்டி, விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து ரயிலில் அனுப்புவார்கள். பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். அது உண்மையிலேயே காலராவை நிறுத்துமா என்று பெரிய மனிதர்கள் அப்போதும் சண்டை போட்டார்கள், அப்புறமும் போட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ரயில் வெக்கையில் வந்து சேர்ந்த குப்பிக்குள் எவ்வளவு வைரஸ் உயிரோடு மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை.

கண்ணுக்கே தெரியாததை எப்படி அளப்பாய் என்று கேட்பீர்கள். மருந்தில் ஒரு பங்கை எடுத்து ஒன்பது பங்கு உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து அடுத்த குழாயில் ஒன்பது பங்கோடு கலக்க வேண்டும். இப்படியே குழாய் குழாயாகப் பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டை இளம் காலராக் கிருமிகளோடு சேர்த்து, அகார் என்கிற கூழ் உறைந்த தட்டில் பரப்பி, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காலையில் வந்து பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருக்கும். வைரஸ் விழுந்த இடத்தில் மட்டும் கிருமிகள் செத்து, குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாகத் தெளிந்திருக்கும். ஒரு வட்டத்துக்கு ஒரு வைரஸ். முதல் தட்டுகளில் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணவே முடியாது. கடைசித் தட்டுகளில் ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே எண்ணத் தோதாக ஒரு தட்டு அமையும். அதை எண்ணி, எத்தனை மடங்கு நீர்க்க வைத்தோமோ அத்தனையால் பெருக்கினால் குப்பியின் பலம் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் திரவத்தை நான் வாயால்தான் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி எடுத்தேன். கிருமிக்கும் என் நாக்குக்கும் நடுவே ஒரு துண்டுப் பஞ்சு, அவ்வளவுதான். சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாற்று ஏற்பாடு வேண்டும் என்று கேட்டதற்கு, யுத்த காலத்தில் இந்த ஆடம்பரமெல்லாம் எதற்கு என்றார் டாக்டர். உறிஞ்சியது அவர் வாய் இல்லையே!

ஜப்பான்காரன் சண்டைக்குள் வந்ததும் அகார் வரத்து நின்றுபோனது. தட்டு உறைய அகார் வேண்டும், அகாருக்குக் கடற்பாசி வேண்டும். நம் கடலிலேயே கஞ்சிப்பாசி மண்டிக் கிடந்தது. கடற்கரைத் தெருவில் அதைக் காய்ச்சிக் கஞ்சியாகவே குடிப்பார்கள். அந்தத் தெருவில் சங்கு குளிக்கிற ஒருவரின் மனைவி எங்களுக்குப் பாசி கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல தண்ணீரில் அலசி, மணலில் காயப்போட்டு, வெளுத்ததும் ஓலைப்பெட்டியில் அடைத்துத் தலையில் சுமந்து வருவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அக்கா என்றே கூப்பிடுவேன். மூத்தவன் பையன், அவனை வீட்டில் விட்டுவிட்டு இளைய பெண்குழந்தையை இடுப்பில் தூக்கி வருவாள். பாசியைக் காய்ச்சி வடித்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துக் கொடு என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் அந்தக் குட்டி. கிருமி எதுவும் சேராத வெறும் கஞ்சிதான், கொடுப்பேன். என் பெயர் அவளுக்குக் கஞ்சிச் சித்தி.

அந்த வருஷம் கார்த்திகை மழை விட்டதும் கடற்கரைத் தெருவில் வாந்திபேதி கண்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் எங்களிடம் குப்பிகளை வாங்கிக்கொண்டு போனார். தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையுமாக இருக்கிற குடும்பத்து ஆள், எல்லாருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாகப் படாது. குப்பியை உடைத்து, ஆறவைத்த வெந்நீர் நிரம்பிய பாட்டிலில் ஊற்றி, வீடு வீடாகப் போய் அளந்து கொடுத்து, மூன்று வேளைக்கும் குடிக்கச் சொல்வார். முதல் தடவை போனபோது தெருவில் அவரைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்துவிட்டார்கள்.

“பச்சத்தண்ணியக் கொண்டாந்து மருந்துங்கியளே அண்ணாச்சி! எங்க கிணத்துல இல்லாத தண்ணியா?” என்று ஒருத்தி கேட்டாளாம். வந்து எங்களிடம் புலம்பினார். அடுத்த வாரம் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. எல்லாரும் வாங்கிக் குடிக்கிறார்கள், கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்றார். டாக்டர் அவருக்குக் கை கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் சாவு அதிகமானது. அக்காவின் மகளும் போய்விட்டாள். காலையில் வயிற்றால் போக ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கணவர் தோணியிலிருந்து இறங்கி வந்தபோது குழந்தையைத் துணியால் மூடியிருந்தார்கள். துக்கம் கேட்கப் போன இன்ஸ்பெக்டர் அந்த மனுஷனுக்கு முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? “மருந்தை ஒழுங்காக் குடுத்திருந்தா பிள்ள பிழைச்சிருக்கும். வீட்டுல கொட்டிட்டாவ போல” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தக் கணவர் அக்கா கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இது போதாதா? நாங்களும் ஒரு கை சேர்த்தோம்.

மருந்தில் பலம் இல்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அதே பெட்டியில் மீந்திருந்த குப்பிகளை அளக்கச் சொன்னார். அளந்தேன். தட்டுத் தட்டாக வட்டங்கள், அருமையான பலம். சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, “அப்போ மருந்து சரியா இருக்கு. அவங்கதான் குடிக்கலை. இந்த ஜனங்களே இப்படித்தான்” என்றார். பரிசோதித்துப் பார்த்தாயிற்று, குற்றம் மருந்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டரைத் தெருவில் சொல்லவும் சொன்னார். நான் அளந்த அளவு என்னைக் கேட்காமலே புறப்பட்டுப் போய் அக்காவின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டொரு நாளில் அவளே வந்தாள். பாசிப் பெட்டியை இறக்கி வைத்தாள். இடுப்பு வெறுமையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“யம்மா, நான் பிள்ளைக்கு மருந்து குடுக்கலன்னு நீங்க அளந்து பாத்துச் சொன்னியளாமே. அப்படியா?”

“ஐயோ அக்கா! நான் குப்பியத்தான் அளந்தேன். உன்னையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல.”

“நான் குடுத்தேன். மூணு வேளையும் பாலூட்டுத சங்குல ஊத்திக் குடுத்தேன். ஒரு சொட்டு துப்பல அவ. ரோசாப்பூக் கலரா இருக்கவும் இன்னும் தா இன்னும் தான்னு கேட்டுக் குடிச்சா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன கலர்னு சொன்னே?”

“ரோசாப்பூக் கலரு. நீங்க குடுத்தனுப்புத மருந்துதான? உங்களுக்குத் தெரியாதா?”

பேஜுக்கு நிறம் கிடையாது. நான் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரின் ஆபீசுக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருவே திரும்பிப் பார்த்தது.

“அண்ணாச்சி, மருந்துல என்னத்தக் கலந்திய?”

அவர் கொஞ்சமும் பதறவில்லை. பெருமையாகவே சொன்னார். “கிணத்துல போடுத பொடிதான் தங்கச்சி. ஒரு சிட்டிகை. தண்ணி மாதிரி இருந்தா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்காவ. செவந்திருந்தாத்தான் மருந்துன்னு நம்புதாவ. கொஞ்ச நேரத்துல கலரு மங்கி பழுப்பாப் போயிருது, மறுபடி ஒரு சிட்டிகை போடுவேன். அதுவும் காலரா மருந்து, இதுவும் காலரா மருந்து. ரெண்டும் சேந்தா ரெட்டிப்பு நல்லதுதான?”

கிணறுகளில் காலராக் கிருமியைக் கொல்லப் போடுகிற பெர்மாங்கனேட் பொடி அது. தூவினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். நுண்ணிய உயிர் எதுவானாலும் அரித்துக் கொன்றுவிடும். கிருமியைக் கொல்ல வந்த வைரஸுக்கு மட்டும் அது ஏன் வழி விடப்போகிறது? பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மருந்தின் உயிரை எடுத்துவிட்டு, பிணத்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறார் மனுஷர். ஊர் ஊராகக் கிணற்றுக்குப் பொடி போடுகிறவரிடம் பேஜை ஒப்படைத்தார்களே, இரண்டையும் கலக்காதே என்று ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? டாக்டருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தவர் சொல்லவில்லை, தெரியாதவர் கலந்தார், பழி மட்டும் பாசி அள்ளுகிறவள் தலையில் விழுந்தது.

வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். ஒரே குப்பியை உடைத்து இரண்டு பாட்டிலில் சரிபாதியாக ஊற்றினேன். இரண்டிலும் ஆறவைத்த வெந்நீர். ஒன்றில் மட்டும் அண்ணாச்சி செய்தபடியே பொடி போட்டு, மங்க மங்க மறுபடியும் போட்டு, கடைசியில் நிறம் முழுக்கப் போகும்வரை விட்டேன். இரண்டையும் குழாய் குழாயாக நீர்க்க வைத்து, அக்கா கொண்டுவந்த பாசியைக் காய்ச்சி உறைய வைத்த தட்டுகளில் பரப்பினேன். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். பொடி போடாத மருந்துத் தட்டுகளில் வழக்கம்போல வட்டங்கள் இருந்தன. பொடி போட்டதில், நீர்க்கவே வைக்காத முதல் தட்டில்கூட ஒரு வட்டம் இல்லை. விளிம்புக்கு விளிம்பு கிருமி தழைத்து வளர்ந்திருந்தது. பார்த்ததும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் குட்டி இன்னும் தா என்று கேட்டுக் குடித்தது இதைத்தான் என்று தோன்றியதும் உட்கார்ந்துவிட்டேன்.

தட்டுகளை டாக்டரின் மேஜையில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. உடனே புரிந்துவிட்டது.

“சரிதான். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி இனிமே பொடி போட வேண்டாம்னு நிறுத்திடறேன்” என்றார்.

“தெருவுல சொல்லணும் சார். அவ மேல தப்பில்லைன்னு சொல்லணும்.”

“ஏம்மா, யோசிச்சுப் பேசு. செத்த மருந்தைக் கொடுத்தோம்னு தெரிஞ்சா அந்த ஜனங்க நாளைக்கு எதையாவது வாயில வைக்குமா? இன்னும் பத்துப் பேர் சாவாங்க. ஒருத்தி மனசு பெரிசா, ஒரு தெரு பெரிசா?”

“பிள்ளையக் கொன்னவன்னு சொல்லுதாவ சார் அவள.”

“நாளானா மறந்துடுவாங்க. நீ வெளியில வாயைத் திறக்காதே. வேலை வேணும்ல?”

மறந்துவிடுவார்களாம்! யார் மறப்பது? சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிற புருஷனா, குடத்தைத் தள்ளி வைக்கிற பெண்களா, பெற்றவளா? தெரு நன்மைக்காக என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அந்த நன்மைக்கு எப்போதும் அடுத்தவரைத்தான் விலையாகக் கொடுப்பார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலை போனால் போகட்டும் என்று அன்று மத்தியானமே கடற்கரைத் தெருவுக்குப் போனேன்.

தெரு முனையில் சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில், மணலில் அக்கா பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கு உயிர் இருந்திருந்தாலும் அது பிள்ளையைக் காப்பாற்றியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அவள் கொடுத்ததில் உயிரே இல்லை, தப்பு அவள் பேரில் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டே பாசியை உதறினாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது.

“நான் குடுத்தது எனக்குத் தெரியாதா? இத என்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய?”

“உன் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லுதேன் அக்கா.”

“நீங்க சொன்னா, உங்க காலுல விழுந்து நான் சொல்ல வச்சேம்பாரு. கொட்டிட்டான்னு எந்த வாயி சொல்லிச்சோ அந்த வாயிதான் மாத்திச் சொல்லணும்.”

அவள் சொன்னதுதான் சரி.

அடுத்த மருந்து கொடுப்பு அந்தக் குருசடி முன்னாலேயே நடந்தது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க டாக்டரும் காரில் வந்திருந்தார். குப்பி உடைக்க என்னைக் கூட்டிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் பாட்டிலோடு நின்றார். தெருவே வரிசையில் நின்றது. பாட்டிலைப் பார்த்ததும் முணுமுணுப்பு கிளம்பியது. இன்றைக்கு ஏன் வெறும் தண்ணீராக இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். மூத்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். அவள் கணவர் வரிசையில் நாலு ஆளுக்குப் பின்னால் நின்றார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு மருந்து செவப்பா இருந்துச்சு. இன்னைக்கு ஏன் இல்ல?”

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். “இது... இது புது மருந்தும்மா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “புது மருந்தா யம்மா?”

டாக்டர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது. “இல்லக்கா. அதே மருந்துதான்” என்றேன்.

“அப்ப அந்தச் செவப்பு எங்கன இருந்து வந்துச்சு அண்ணாச்சி?”

அவருக்கு வேர்த்து வழிந்தது. கெட்டவர் இல்லை என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது அப்போதுதான் வெளியே வந்தது. அதுவும் அவள் பிடித்து இழுத்ததால் வந்தது.

“நாந்தாம்மா போட்டேன். கிணத்துப் பொடி.”

“போட்டா என்ன ஆவும்?”

“மருந்து செத்துரும். எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது.”

“என் பிள்ளைக்கு நான் மருந்து குடுத்தேனா, குடுக்கலியா?”

“குடுத்திய தாயி. நான் சொன்னதுதான் தப்பு.”

அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. கரண்டியில் மருந்தை வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நிறம் இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்தபின் மகன் வாயில் ஊற்றினாள். இனி எதையும் குடிக்காது என்று டாக்டர் சொன்ன ஜனம் வரிசையை விட்டு நகரவில்லை. ஒவ்வொருவரும் கரண்டியை வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள். டாக்டர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா மேஜைப் பக்கத்தை விட்டுப் போகாமல், மகனுக்கு ஊற்றிய கரண்டியும் கையுமாக நின்றாள். வரிசை நகர்ந்து அவள் கணவரின் முறை வந்தது. அவர் என்னிடமும் கை நீட்டவில்லை, இன்ஸ்பெக்டரிடமும் நீட்டவில்லை. தலையைக் குனிந்தபடி அவள் முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

அவள் கரண்டியில் மருந்தை நிரப்பி, அதை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே குடிங்க. நான் குடுத்தா, பெறகு குடுக்கலன்னு ஆயிரும்.”